மெர்சியின் கையைப் பிடித்துக் கொடுக்கப் போனேன்

என் தம்பி மனைவி மெர்சி ஒரு காலை போன் செய்து, தனக்குக் கல்யாணம் என்றாள். நான் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பிரஷ், மறு கையில் போன். என் தம்பி ஜெபராஜ் இறந்து ஆறு வருடமாகிறது. மாப்பிள்ளை பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்காரர், பெயர் சாலமோன், மாந்தோப்பில் மேற்பார்வையாளர், அவரும் மனைவியை இழந்தவர் என்று சொன்னாள். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டதாம். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லையாம்.

"எங்கப்பா இல்ல. என் கையப் பிடிச்சுக் குடுக்க நீங்கதான் வரணும் அத்தான்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தம்பி இரண்டாவது முறை இறந்ததுபோல இருந்தது. மூன்றாம் நாள் என் மனைவி ராணி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்தாள். "செத்தது உங்க தம்பி. அவ சாகலை" என்றாள். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவளால் வர முடியாது. எனக்குப் புது வேட்டியும் சட்டையும் எடுத்து, இஸ்திரி போட்டுப் பையில் வைத்து, கிளம்புங்கள் என்றாள். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் கார்டாக இருந்து கொடி காட்டியவன் நான். வீட்டில் கொடி அவள் கையில்தான்.

போவதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜெபராஜ் சின்ன வயதிலேயே இடுக்கி மலைக்குப் போனவன். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டினான். அங்கேயே பிறந்து வளர்ந்த மெர்சியைக் கட்டினான். ஜெனி என்று ஒரே மகள். ஒரு ஆடி மாத மழையில், அவர்கள் குடியிருந்த லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடு அப்படியே இறங்கிவிட்டது. மெர்சி அந்நேரம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலையில் இருந்தாள். அதனால் பிழைத்தாள். ஜெபராஜ் அன்றே கிடைத்தான். ஒன்பது வயது ஜெனி பதினோராம் நாள்தான் கிடைத்தாள்.

அடக்கத்துக்கு எங்கிருந்தோ வந்த ஒரு பிரசங்கியார், தோட்டக்காரர் நல்ல பூவைத்தானே பறிப்பார் என்று சொன்னார். நான் பாதியில் எழுந்து வெளியே வந்தேன். அன்றோடு, கல்யாணங்களுக்குத் தவிர, கோயிலுக்குப் போவதை விட்டேன். என் கோபம் எனக்குப் புரிந்தது. மெர்சி விடாமல் போய்க்கொண்டிருந்தாளே, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. என்னைவிட அதிகம் இழந்தவள் அவள். உண்மையைச் சொன்னால், அவள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

முதல் நாள் கொல்லங்கோடு. கல்யாணம் மெர்சியின் சாந்தன்பாறைக் கோயிலில்; மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து மலைக்குப் போவதாக ஏற்பாடு. ஸ்டேஷனுக்கு சாலமோனே ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வழுக்கை, தொப்பை, காது வரை சிரிப்பு. அவரைப் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்த எனக்கு அது பெரிய இடைஞ்சலாகிவிட்டது. என் பையை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு, "ஏனுங்ண்ணா, வண்டி நேரத்துக்கே வந்துருச்சுங்களே" என்றார். நேரத்துக்கு வந்த ரயிலைப் பாராட்டுகிறவனை ஒரு பழைய கார்டு எப்படி வெறுப்பது?

சித்திரை வெயிலில் வயல்கள் அறுத்துக் காய்ந்து கிடந்தன. பனைமரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று தோன்றும். நிமிர்ந்தால் சுவர்போல நெல்லியாம்பதி மலை நின்று, இல்லை என்று சொல்லும். வழியில் சாயாக் கடையில் நிறுத்தினார். பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, சுடச்சுட வந்தது. பக்கத்து பெஞ்சில் இருவர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாலமோனைக் காட்டி, இவன் கல்யாணம் முடியும் வரை மாங்காய்க்கு விலை கேட்டால் சரியான பதில் வராது என்றார் ஒருவர். அதற்கு மற்றவர், போன வருஷம் இவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வேறு வழியாகப் போவேன், இப்போதுதான் இந்த வழியாக வருகிறேன் என்றார். எனக்கு மலையாளம் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

சாலமோனின் மகள் பெனிட்டா, நர்சிங் படிக்கிறவள், கேரளத்துச் சிவப்பு மட்டையரிசிச் சோறு போட்டாள். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி விலாசத்தோடு இருந்தது. எங்கள் பொன்னி அரிசி வாயில் கரையும். இதை உட்கார்ந்து பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். மாங்காய் போட்ட மீன் குழம்பு அந்தப் பேச்சுவார்த்தைக்கு மிகவும் உதவியது.

சாப்பிடும்போது அவள்தான் கதையைச் சொன்னாள். நிலம் சரிந்த அன்று இவர்கள் சபையிலிருந்து பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு லாரி போயிருக்கிறது. சாலமோனும் அவர் மனைவி ரெபெக்காளும் கூடப் போயிருக்கிறார்கள். ஜெனி கிடைக்கும் வரை, பள்ளிக்கூட முகாமில் ரெபெக்காள் மெர்சியின் பக்கத்திலேயே படுத்திருந்தாளாம். மூன்று வருடம் கழித்து ரெபெக்காளுக்குப் புற்றுநோய் வந்தது. அப்போது மெர்சி மலையிலிருந்து இறங்கி வந்து, கடைசி இரண்டு மாதமும் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்தாளாம். இதில் ஒன்றையும் மெர்சி எங்களுக்குச் சொன்னதில்லை.

"அப்பா கேக்கவே மாட்டாருங்க பெரியப்பா. மெர்சி அக்காளும் கேக்க மாட்டாங்க. அதான் நானே போன் போட்டுக் கேட்டுப்போட்டேன்" என்றாள் பெனிட்டா. என்ன கேட்டாய் என்றேன். எங்க ஊட்டுக்கு வந்துடறீங்களா என்று கேட்டாளாம். மெர்சி இரண்டு மாதம் பதிலே சொல்லவில்லையாம். பிறகு ஒருநாள், உங்கப்பா மீன் சாப்பிடுவாரா என்று திருப்பிக் கேட்டாளாம்.

முந்தைய நிமிடம் வரை முன்பின் தெரியாத பெண், என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டதைக் கை கழுவும்போதுதான் கவனித்தேன். ஜெனி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

இரண்டாம் நாள் விடிந்ததும் வேன் கிளம்பியது. சாலமோன், பெனிட்டா, சாலமோனின் அக்கா எஸ்தர், உறவுக்காரர்கள் எட்டுப் பேர், நான். எஸ்தரக்கா ஒரு டிரம் நிறைய முறுக்கு கொண்டு வந்தார். ஓட்டுநர் மலையாளி. வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். தண்டவாளம் இருக்கும் வண்டியிலேயே வாழ்ந்தவனுக்கு மலைச்சாலை பெரிய சோதனை. யானை கடக்கிறது என்று சின்னாறு காட்டில் அரை மணி நேரம் நின்றோம். யானை வரவில்லை. வந்திருந்தால்கூட, இத்தனை முறுக்கு கடிபடும் சத்தத்தில் திரும்பிப் போயிருக்கும்.

மறையூர் தாண்டி ஏற்றத்தில் வேன் ஒரு முனகலோடு நின்றது. கிளட்ச் போய்விட்டது. சாமான் உடுமலையிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சாலமோன் சாலையோரக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒரு கொட்டகையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கல்யாண கோஷ்டி என்றதும், சூடான பாகை வாழை இலையில் ஊற்றிக் கொடுத்தார்கள். தேங்காய்த் துண்டோடு தின்றோம். மாப்பிள்ளையின் மீசையெல்லாம் பாகு. வண்டி பழுதாகி நின்ற இடத்தில் இவ்வளவு சிரித்தவர்களை என் சர்வீஸிலேயே நான் பார்த்ததில்லை.

கொட்டகைக்கு வெல்லம் வாங்க வந்திருந்த முருகேசன் என்ற விவசாயி, காந்தலூரில் தன் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்றார். காலையில் தானே காய்கறி ஜீப்பில் சாந்தன்பாறையில் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் நாங்கள். வீட்டில் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டா திட்டுவா, போய் நின்னா சோறாக்குவா" என்றார். அப்படியே நடந்தது. அவர் மனைவி பாக்கியம் பூண்டுக் குழம்பு வைத்தார். வீட்டுப் பூஜையறையில் முருகன் படத்துக்கு முன்னால் அவர்கள் விளக்கேற்றினார்கள். நாங்கள் கூடத்தில் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணினோம். ஜெபம் பண்ணினோம் என்றா சொன்னேன்? அவர்கள் பண்ணினார்கள். நான் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஜீப்பில் முட்டைக்கோஸ் ஏற்றுவதற்குள், சாலமோன் என்னைப் பிளம் மரங்கள் பக்கம் கூட்டிப்போனார். காய்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. மேகம் எங்கள் முழங்கால் உயரத்தில் நகர்ந்தது. அதுவரை சிரித்துக்கொண்டே இருந்தவர் சிரிக்காமல் பேசியதை அப்போதுதான் கேட்டேன்.

"என்னப் பாத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்ண்ணா. அது எனக்குத் தெரியுமுங்க. உங்க தம்பி எடத்துக்கு நான் வல்லீங்க. அந்த எடம் அவருதுதானுங்க. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறனுங்க."

பிளம் பழம் புளிக்குமா என்று கேட்டேன். ஒன்றைப் பறித்துத் துடைத்துக் கொடுத்தார். புளித்தது. இருந்தும் முழுவதும் தின்றேன்.

ஜீப்பில் முட்டைக்கோஸ் மூட்டைகளின்மேல் பெண்கள் உட்கார்ந்தார்கள். கல்யாணம் பார்க்கப் பாக்கியமும் ஏறிக்கொண்டார். பூப்பாறை தாண்டியபோது எஸ்தரக்கா அலறினார். மாப்பிள்ளையின் கோட்டு சூட்டு வேனில் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வேன் ஒர்க்ஷாப்பில். ஓட்டுநருக்குப் போன் போட்டார்கள். நாளை மாலைக்குள் நிச்சயமாகக் கொண்டுவந்துவிடுவேன் என்றார் அவர். கல்யாணம் நாளைக் காலை.

மூன்றாம் நாள் மதியம் சாந்தன்பாறை போய்ச் சேர்ந்தோம். ஏலச்செடிகளின் நடுவே மண்பாதை. தோட்டத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றின் வாசலில் மெர்சி நின்றாள். கைகளில் மருதாணி. நாற்பத்து மூன்று வயதுக்காரிக்கு மருதாணி வைத்துவிட்ட பெருமையோடு லயத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கக் கூட்டிப்போனார்கள்.

நான் மெர்சியின் வீட்டுக்குள் உட்கார்ந்தேன். மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் வைத்தாள். பாதி சாப்பிட்டபோது கோடை மழை பிடித்தது. தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். என் கை தட்டில் அப்படியே நின்றது. மெர்சி எழுந்தாள். அவள் வெளியே ஓடி, கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"முன்னெல்லாம் மழ பெஞ்சா மேசைக்கு அடியில போய் உக்காந்துக்கிடுவேன். இப்ப துணி எடுக்க ஓடுதேன்" என்று சொல்லி ஈரத்தை உதறினாள்.

அந்தத் துணிகளை அவள் மடித்துக்கொண்டிருக்கும்போதுதான், ஆறு வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். எப்படி உன்னால் கோயிலில் போய் உட்கார முடிந்தது? எப்படி நம்ப முடிந்தது? கேட்ட விதம் கேள்வி மாதிரி இல்லை, குற்றச்சாட்டு மாதிரி இருந்தது. அவள் கோபப்படவில்லை.

"யாரு நம்புனா? ரெண்டு வருசம் நான் நம்பவே இல்ல அத்தான். ஆண்டவர்ட்ட ஒரு வார்த்த பேசல. போய் உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். பாட மாட்டேன், முழங்கால் போட மாட்டேன். விசுவாசிக்கிறேன்னு எல்லாரும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாயை மூடிக்கிட்டு நிப்பேன். பக்கத்துல எங்க லயத்து அன்னம்மா சத்தமாச் சொல்லுவா. ஏம்டீ இப்படிக் கத்துதேன்னு ஒருநாள் கேட்டேன். உனக்கும் சேத்துச் சொல்லுதேன்னா."

பிறகு எப்போது மாறியது என்றேன். ஒருநாளில் மாறவில்லை என்றாள். பதினோரு நாள் சேற்றில் மண்வெட்டி பிடித்தவர்களையும், பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த ரெபெக்காளையும் நினைத்துக்கொண்டே இருந்தாளாம். மலை இறங்கினபோது ஆண்டவர் எங்கே போனார் என்றுதான் முதலில் கேட்டாளாம். போகப் போக, இந்தச் சனத்தை யார் அனுப்பியது என்ற கேள்வியும் கூட வந்து உட்கார்ந்துகொண்டதாம்.

"மொதக் கேள்விக்கு இன்னும் பதில் இல்ல அத்தான். செத்தப்புறம் நேர்ல கேப்பேன், விட மாட்டேன். ஆனா ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியும். அத வச்சுத்தான் நடக்கேன்."

மழை பத்தே நிமிடத்தில் நின்றது. மீதிக் கப்பையைச் சாப்பிட்டு முடித்தேன். இன்னும் கொஞ்சம் மீன் கேட்டேன்.

நான்காம் நாள் கல்யாணம். கோட்டு வரவில்லை. பயணத்தில் அழுக்கான கோடுபோட்ட சட்டையோடு சாலமோன் பள்ளிக்கூட வாசலில் நின்றார். எஸ்தரக்கா அழுகிற நிலையில் இருந்தார். நான் பையைத் திறந்தேன். ராணி எனக்கு எடுத்துக் கொடுத்த புது வேட்டியையும் சட்டையையும் நீட்டினேன். வேட்டி சரியாக இருந்தது. சட்டையில் தொப்பைக்கு நேராக இருந்த பொத்தான் மட்டும் மறுத்தது. பெனிட்டா நர்சிங் மாணவியின் உறுதியோடு அதை இழுத்து மாட்டிவிட்டு, மூச்சை ஆழமாக விடாதீங்கப்பா என்றாள். நான் ரயிலில் வந்த சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அதையே போட்டுக்கொண்டேன்.

கோயில் சின்னது. நூறு பேர் உட்காரும் இடத்தில் இருநூறு பேர். முருகேசனும் பாக்கியமும் வீட்டுக்குப் போகாமல் தங்கி, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிர் மஞ்சள் பட்டில் மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாட்டுக்காரர்கள் ஒரு கீர்த்தனையை ரொம்ப வேகமாக ஆரம்பித்துவிட்டதால், நாங்களும் கொஞ்சம் ஓட்டமாகத்தான் போனோம். இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று பாதிரி ஐயர் கேட்டார். நான்தான் என்றேன். அவள் கையை எடுத்து சாலமோன் கையில் வைத்தேன். விடுவதற்கு முன் அவள் என் விரல்களை ஒருமுறை அழுத்தினாள். தாலி ஏறியபோது பின்வரிசையில் பெண்கள் குலவை போட்டார்கள். ஐயர் தடுக்கவில்லை. சாலமோன் மூச்சை ஆழமாக விட்டுவிட்டார். பொத்தான் தெறித்துப் பாக்கியத்தின் மடியில் விழுந்தது.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது ஐயரின் பேனா நின்றது. சாட்சியின் உறவுமுறை எழுத வேண்டும். பெண்ணுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்றார். முந்தைய கணவரின் அண்ணன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாலமோன்தான் குனிந்து, "அண்ணன்னு எழுதுங்க ஐயரே" என்றார். யாருக்கு அண்ணன் என்று ஐயர் கேட்டார். "எங்க ரெண்டு பேருக்குந்தானுங்க" என்றார் சாலமோன். ஐயர் சிரித்துவிட்டு எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

விருந்துக்கு முன் மெர்சி எங்களைக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைகளுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு சிலுவைகள், ஒன்று சின்னது. கையிலிருந்த பூச்செண்டை ஜெனியின் மேல் வைத்தாள். சாலமோன் தன் மாலையைக் கழற்றி ஜெபராஜுக்குப் போட்டார். பெனிட்டா சின்னச் சிலுவையில் படர்ந்த கொடியை விலக்கி, பெயரைத் துடைத்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை. மெர்சியும் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அத்தான், பிரியாணி ஆறிரும்" என்றாள். ஆறவில்லை. முருகேசனின் முட்டைக்கோஸ் பொரியலும் இருந்தது. மூன்று பந்தி நடந்தது. இரண்டாவது பந்தியில் நானும் வாளி தூக்கிப் பரிமாறினேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணி பஸ்ஸில் நான் ஊர் திரும்புவதாக இருந்தது. பையோடு சாலைக்கு வந்து நின்றேன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. நடத்துநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. ராணிக்குப் போன் செய்து, இன்றைக்கு வரவில்லை, கோயிலுக்குப் போகிறேன் என்றேன்.

"இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். ஆறு வருடமாக வேறு எதற்கும் நான் கோயிலுக்குள் போனதில்லையே, அவள் வேறு என்ன நினைப்பாள்.

"யாருக்கும் இல்ல. சும்மாதான் போறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோயில் மணி அடித்துவிட்டார்களா என்று கேட்டாள். இரண்டாவது மணி அடிக்கிறது என்றேன்.

"அப்ப இங்க என்ன பேச்சு, ஓடுங்க" என்றாள்.

அறுபத்து மூன்று வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, அந்த ஈர மண்பாதையில் ஓடினேன்.